கிறிஸ்தவத்தை எங்கிருந்து புரிந்துகொள்ளத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: "கிறிஸ்தவம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மதம் மாற அல்ல, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பைபிளை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஆதியாகமம் கதையாக ஓடியது. லேவியராகமத்தில் பலி விதிகள் வரிசையாக வந்ததும் மூடி வைத்துவிட்டேன். எங்கே தப்பு செய்தேன்?"

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. முதல் பக்கத்தில் தொடங்குகிற பெரும்பாலோர் நிற்கிற இடம் அதுதான். பார்க்க ஒரே புத்தகமாக இருந்தாலும் பைபிள் ஒரு சின்ன நூலகம். புராட்டஸ்டண்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73. எழுதி முடிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. பழைய ஏற்பாடு (இயேசுவுக்கு முந்திய யூத நூல்கள்) பெரும்பாலும் எபிரேயத்தில், சில பகுதிகள் அரமேயத்தில். புதிய ஏற்பாடு (இயேசுவையும் முதல் சபைகளையும் பற்றியது) முழுக்க கிரேக்கத்தில். அதில் சட்டம் இருக்கிறது, அரச வரலாறு இருக்கிறது, காதல் கவிதை இருக்கிறது, புலம்பல் இருக்கிறது, அடுத்தவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஒரு நூலகத்துக்குள் போனவர் முதல் அலமாரியின் முதல் புத்தகத்தில் தொடங்கிக் கடைசிவரை படிப்பதில்லையே.

தொடங்க வேண்டிய இடம் மாற்கு, புதிய ஏற்பாட்டில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களில் ஒன்று. 16 அதிகாரம்தான், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். நற்செய்திகள் எனப்படும் அந்த நான்கு நூல்களில் அதுவே முதலில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து, ஏறக்குறைய கி.பி. 70-ஐ ஒட்டி. ஏன் அங்கிருந்து என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

அதற்கு முன் ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் கிறிஸ்தவத்துக்கு இரண்டு சொல்லகராதிகள் உண்டு. ஒருவர் சுவிசேஷம் என்பார், இன்னொருவர் நற்செய்தி என்பார். ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்று. இரட்சிப்பும் மீட்பும் ஒன்று, கிருபையும் அருளும் ஒன்று, பரிசுத்த ஆவியும் தூய ஆவியும் ஒன்று. பொதுவாக முதல் வகை புராட்டஸ்டண்ட் சபைகளின் வழக்கு, இரண்டாவது இன்றைய கத்தோலிக்க வழக்கு. இது தெரியாமல் இரண்டு புத்தகங்களை அருகருகே வைத்துப் படித்தவர்கள் இரண்டு வேறு மதங்களைப் படிப்பதாகவே நினைத்திருக்கிறார்கள். நான் இரண்டையும் கலந்துதான் எழுதப்போகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எதையும் மறந்தாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்தவம் அடிப்படையில் ஒரு செய்தி. 'நற்செய்தி' என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. நல்ல போதனைகளின் தொகுப்பு என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் குழம்புவார்கள். போதனையை யார் சொன்னாலும் அது நிற்கும். சொன்னவர் பிறக்கவே இல்லை என்றாலும் நல்ல அறிவுரை நல்ல அறிவுரைதான். செய்தி அப்படியல்ல. நடந்ததா, நடக்கவில்லையா என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

அந்தச் செய்தி என்ன? ரோமப் பேரரசின் ஒரு மூலையில், யூதேயாவில், பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்தபோது (கி.பி. 26 முதல் 36 வரை), நாசரேத்தைச் சேர்ந்த இயேசு என்ற யூதப் போதகரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். ஆண்டு 30 ஆக இருக்கலாம், 33 ஆக இருக்கலாம். இதுவரை சொன்னதைக் கிறிஸ்தவர் அல்லாத வரலாற்று ஆசிரியர்களும் ஏற்கிறார்கள்; கிறிஸ்தவர்கள் மேல் துளியும் அன்பில்லாத ரோம எழுத்தாளர் தாசித்துஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மரண தண்டனையைக் குறிப்பிடுகிறார். அடுத்து வருவதுதான் நம்பிக்கையின் பகுதி: மூன்றாம் நாள் கடவுள் அவரை உயிரோடு எழுப்பினார், அவரைப் பார்த்தோம் என்று அவருடைய சீடர்கள் சொன்னார்கள்.

பவுல் என்பவர் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நற்செய்திகளுக்கும் முந்திய எழுத்து அது, சம்பவம் நடந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள் எழுதியது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் நாங்கள் பிரசங்கிப்பதும் வீண், நீங்கள் நம்புவதும் வீண் என்று அவரே சொல்கிறார். ஒரு மதத்தின் முக்கியப் பிரசாரகர், இது பொய்யானால் மொத்தமும் பொய் என்று தானே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இந்த மதத்தில் ஆர்வம் வந்ததே அந்த வரியால்தான்.

'கிறிஸ்து' என்பது குடும்பப் பெயர் அல்ல, பட்டம். எபிரேயத்தில் மெசியா, கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ். இரண்டுக்கும் எண்ணெய் பூசி நியமிக்கப்பட்டவர் என்று பொருள். இஸ்ரயேலில் அரசர்களை அப்படித்தான் நியமித்தார்கள். தாவீதின் வழியில் ஓர் அரசர் வருவார், அடிமைப்பட்டுக் கிடக்கும் மக்களை விடுவிப்பார் என்று யூதர்கள் காத்திருந்தார்கள். வந்தவரை எதிரிகள் கொன்றுவிட்டால் அவர் மெசியா இல்லை என்றுதானே அர்த்தம்? அதுவும் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. ஆகவே சிலுவையில் செத்த அரசர் என்பது அன்றைக்குக் காதில் விழுந்தாலே சிரிப்பு வரவழைக்கிற பேச்சு. இன்று சிலுவையைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போடுகிறோம். முதல் நூற்றாண்டு ஆளுக்கு அது தூக்குக் கயிற்றை மாட்டிக்கொள்வது மாதிரி இருந்திருக்கும்.

பழைய ஏற்பாடு எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் வருகிறது. மாற்கு 15-இல் இயேசு சாகும் தறுவாயில் உரக்கக் கத்துகிறார். மாற்கு எழுதுவது கிரேக்கத்தில், ஆனால் அந்தக் கூக்குரலை இயேசு பேசிய அரமேய மொழியிலேயே விட்டுவைக்கிறார்: எலோயி, எலோயி, லாமா சபக்தானி. என் கடவுளே, என் கடவுளே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று பொருள். பக்கத்தில் நின்றவர்கள் அதைத் தப்பாகக் கேட்டு, பழைய இறைவாக்கினர் எலியாவைக் கூப்பிடுகிறான் என்கிறார்கள். அந்த வரி அவர் அந்த நேரத்தில் உண்டாக்கியது அல்ல. பழைய ஏற்பாட்டுப் பாடல் தொகுப்பில் வரும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்தச் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், பார்த்தவர்கள் தலையசைத்துக் கேலி செய்வதும் உடையைச் சீட்டுப்போட்டுப் பிரிப்பதும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. மாற்கு அந்தப் பாட்டை மனத்தில் வைத்துத்தான் காட்சியையே எழுதியிருக்கிறார். முன்னதைத் தெரியாமல் பின்னதைப் படித்தால் பாதி காதில் விழாது. ஆனால் லேவியராகமம் வழியாகத்தான் அங்கே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாற்கு முடித்த பிறகு யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரங்களைப் படியுங்கள். அடிமைத்தனம், விடுதலை, பத்துக் கட்டளைகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

அடுத்து, தமிழில் படிப்பவர் அதிகம் தடுக்கி விழுகிற இடம் 'பாவம்' என்ற சொல். நம் பேச்சில் பாவம் என்றால் கூடவே புண்ணியம் வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு வந்துவிடும். இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று. இந்தக் கணக்குப் புத்தகத்தோடு கிறிஸ்தவத்துக்குள் போனால் எதுவுமே ஒட்டாது. அங்கே பாவம் என்பது முதலில் ஓர் உறவு அறுந்துபோன நிலை. தனித்தனித் தப்புகள் அதிலிருந்து முளைப்பவை. நல்லது செய்து கணக்கை நேராக்குவது தீர்வு ஆகாது, ஏனென்றால் பிரச்சினை பற்று வரவில் இல்லை. உறவைக் கடவுளே சரிசெய்கிறார், தகுதி பார்க்காமல். இதற்குத்தான் கிருபை, அருள் என்று பெயர். அப்படியானால் நல்லவனாக வாழ வேண்டாமா என்று உடனே கேட்கத் தோன்றும். பவுலிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். ரோமருக்கு அவர் எழுதிய கடிதத்தின் 6-ஆம் அதிகாரம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. நல்வாழ்வு உறவின் விளைவு, உறவுக்கான கட்டணம் அல்ல என்பது அவர் பதிலின் சாரம்.

இதை விளக்கிச் சொல்வதைவிட லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையைப் படிப்பது மேல். கெட்ட குமாரன், ஊதாரி மகன் என்று பல பெயரில் சொல்வார்கள். இளைய மகன் அப்பா உயிரோடு இருக்கும்போதே தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான். பணத்தை அழிக்கிறான், பஞ்சம் வருகிறது, பன்றி மேய்க்கப் போகிறான். கேட்பவர்கள் யூதர்கள், அவர்களுக்குப் பன்றி தீட்டு. அதற்குக் கீழே இறங்க இடமில்லை. அப்போது புத்தி வந்து, அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார்செய்கிறான். அதில் மூன்று பகுதி: பாவம் செய்தேன், உம் மகன் என்று சொல்லத் தகுதி இல்லை, உம் கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.

இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அவன் இன்னும் தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிட்டு ஓடுகிறார். கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார். மகன் ஒப்பித்து வைத்ததைத் தொடங்குகிறான். பாவம் செய்தேன் என்கிறான், தகுதி இல்லை என்கிறான். மூன்றாவது பகுதி, அந்தக் கூலியாள் வரி, வரவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்கள் பக்கம் திரும்பி, நல்ல உடை கொண்டுவாருங்கள், மோதிரம் போடுங்கள், செருப்பு மாட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பேரம் பேச இடமே கொடுக்கவில்லை. கிருபை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கதை அத்தோடு முடியவில்லை. வயலிலிருந்து மூத்தவன் வருகிறான். ஆட்டம்பாட்டம் கேட்டுக் கோபப்படுகிறான், வீட்டுக்குள் வர மறுக்கிறான். இத்தனை வருடம் உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டிகூட எனக்குக் கொடுக்கவில்லை என்கிறான். கணக்குப் புத்தகம் அவன் கையில் இருக்கிறது, பார்த்தீர்களா? தம்பி என்றுகூடச் சொல்லவில்லை, 'உம்முடைய இந்த மகன்' என்கிறான். அப்பா அதைத் திருத்தி 'உன் தம்பி' என்கிறார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லாமலேயே விட்டுவிடுகிறார். அந்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைப் பார்த்தால் காரணம் புரியும்: பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று முணுமுணுத்த பக்திமான்கள் எதிரே நிற்கிறார்கள்.

அப்புறம் திரித்துவம்: தந்தை, மகன் (இயேசு), தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற போதனை. மூன்று கடவுள்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஆனால் இதை ஒரு புதிராக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும்; எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்று பார்த்தால் நியாயம் புரியும். முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்பது அவர்கள் தினமும் சொன்ன வேண்டுதல். அதே ஆட்கள் இயேசுவை வணங்கத் தொடங்கிவிட்டார்கள், தங்களுக்குள் கடவுளின் ஆவி செயல்படுவதாகவும் சொன்னார்கள். இரண்டில் எதையும் விட மனமில்லை. முதலில் வழிபாடு வந்தது, விளக்கம் பின்னால் வந்தது. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு, மகன் மிக உயர்ந்தவர்தான், ஆனால் படைக்கப்பட்டவர் என்று சொன்னபோது சண்டை முற்றியது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் நீசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று முடிவாயிற்று. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் அதை விரித்தது. ஞாயிறு வழிபாட்டில் பல சபைகள் இன்றும் சொல்கிற விசுவாச அறிக்கை அங்கிருந்து வந்ததுதான்.

யாராவது தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று திரித்துவத்தை விளக்கினால் புன்னகைத்துவிட்டுக் கடந்துவிடுங்கள். ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறார் என்றாகிவிடும் அந்த உவமை. திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிய கருத்து அது. நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள், பாவம்.

ஏன் இத்தனை பிரிவுகள்? சுருக்கமாகச் சொல்கிறேன். 451-இல் கல்கதோன் சங்கம், கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர், இரு இயல்புகள் என்று வரையறுத்தது. அந்தச் சொற்களை ஏற்காத எகிப்தின் கொப்டிக், ஆர்மீனிய, எத்தியோப்பிய, சிரிய மரபுகள் தனியாக நின்றன, இன்றும் இருக்கின்றன. கிரேக்கம் பேசிய கிழக்கும் லத்தீன் பேசிய மேற்கும் மெல்ல விலகின. பாடப்புத்தகங்கள் 1054 என்று ஆண்டு குறிப்பிடும், உண்மையில் அது நூற்றாண்டுக் கணக்கில் நடந்த விரிசல். மேற்கில் 1517-இல் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக 95 கருத்துகளை எழுதினார். அங்கிருந்து புராட்டஸ்டண்ட் சபைகள். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் நடந்த எழுப்புதல் கூட்டங்களிலிருந்து பெந்தெகோஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. இன்று உலகில் 230 கோடி அளவில் இருக்கும் கிறிஸ்தவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர். பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். யாரிடம் பேசினாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசி அதிகாரம் உங்களுக்கு எது? வேதம் மட்டும் என்பார் புராட்டஸ்டண்ட். வேதமும் மரபும், அதை விளக்கும் பொறுப்பு போப்புக்கும் ஆயர்களுக்கும் என்பார் கத்தோலிக்கர். பிரிந்த கிழக்கின் மரபான ஆர்த்தடாக்ஸ் ஆள் பழைய சங்கங்களையும் வழிபாட்டையும் காட்டுவார். மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்தே பிறக்கும்.

வழிபாட்டில் இரண்டு செயல்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் பொது: தண்ணீரில் ஞானஸ்நானம், இயேசுவின் கடைசி இரவுணவை நினைத்துப் பகிரும் அப்பமும் திராட்சை ரசமும். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸும் ஏழு திருவருட்சாதனங்கள் (கடவுளின் அருளைத் தரும் சடங்குகள்) என்பார்கள், பெரும்பாலான புராட்டஸ்டண்டுகள் இந்த இரண்டோடு நிறுத்துவார்கள். அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகிறதா, நினைவுச் சின்னமா என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. நீங்கள் வேடிக்கை பார்க்க ஒரு வழிபாட்டுக்குப் போனால் பின்வரிசையில் உட்காருங்கள். எழும்போது எழலாம், எழாமலும் இருக்கலாம். அப்பம் வாங்க வரிசையில் போகும்போது உட்கார்ந்தே இருங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். காணிக்கைத் தட்டு வந்தால் அடுத்தவருக்கு நகர்த்தினால் போதும்.

பெரிய பண்டிகை கிறிஸ்துமஸ் அல்ல, ஈஸ்டர். மேலே சொன்ன செய்தியை நினைத்தால் காரணம் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை வழிபாடே உயிர்த்தெழுந்த நாளின் நினைவுதான். டிசம்பர் 25 என்ற தேதி பைபிளில் எங்கும் இல்லை. குடிலில் வைக்கிற மூன்று ராஜாக்களும் அப்படித்தான். மத்தேயு ஞானிகள் என்கிறார், ராஜாக்கள் என்று சொல்லவில்லை, எண்ணிக்கையும் சொல்லவில்லை. பரிசுகள் மூன்று என்பதால் ஆட்களும் மூன்றாகிவிட்டார்கள். இடையர்கள் வருவது லூக்காவில், ஞானிகள் வருவது மத்தேயுவில். ஒரே குடிலில் அவர்களைச் சேர்த்து நிறுத்தியது பின்னால் வந்த பக்தி.

இதன் இருண்ட பக்கத்தையும் பார்க்காமல் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. பகைவரை நேசியுங்கள் என்ற இயேசுவின் மலைப்பொழிவைக் கையில் வைத்துக்கொண்டே சிலுவைப் போர் நடத்தினார்கள். 1204-இல் சிலுவைப் படை சூறையாடியது கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளையே. யூதர்களை நூற்றாண்டுக் கணக்கில் துன்புறுத்தினார்கள். அடிமை வியாபாரத்தை ஆதரித்தவர்களும் பைபிள் வசனம் காட்டினார்கள், ஒழிக்கப் போராடியவர்களும் அதே பைபிளைக் காட்டினார்கள். இதை மூடி மறைக்கிற அறிமுகத்தை நம்பாதீர்கள். இதை மட்டுமே சொல்கிற அறிமுகத்தையும்தான்.

பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். மிருகமும் 666-உம் ஆளை இழுக்கும், தெரியும். அது ஆசியா மைனரின் (இன்றைய துருக்கி) ஏழு சபைகளுக்கு, ரோமின் நிழலில் வாழ்ந்தவர்களுக்குக் குறியீட்டு மொழியில் எழுதியது. யூத இலக்கியத்தில் அந்த வகை எழுத்துக்குத் தனி மரபு உண்டு. அது தெரியாமல் படித்தால் இன்றைய செய்தித்தாளை அதற்குள் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஆகவே இந்த வாரம் மாற்கு மட்டும். படிக்கும்போது சீடர்கள் மேல் ஒரு கண் வையுங்கள். அவர்களுக்கு எதுவும் புரிவதில்லை, யார் பெரியவர் என்று வழியில் சண்டை போடுகிறார்கள், கடைசியில் ஓடிவிடுகிறார்கள். முதன்மையானவரான பேதுருவே ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு, அவரைத் தெரியாது என்கிறார். பின்னாளில் சபையின் தூண்களாக மதிக்கப்பட்டவர்களை அந்தச் சபையின் புத்தகமே இப்படிக் காட்டுகிறது. 16-ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் 8-ஆம் வசனத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்குப் பிறகு வரும் 12 வசனங்கள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு பிரதிகளில் இல்லை. பல பதிப்புகளில் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ போட்டிருப்பார்கள். அந்தப் பிரதிகளின்படி கதை முடிவது இப்படி: விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் அது காலியாக இருப்பதைப் பார்க்கிறார்கள், அவர் எழுந்துவிட்டார் என்று கேட்கிறார்கள், நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.